ஆறு மணி நேர விருந்தாளி

மதுரைக்காரர்களுக்குக் கடல் என்றால் ராமேஸ்வரம். அக்னி தீர்த்தத்தில் ஒரு முங்கு, ஈரத்துணியோடு கோயிலுக்குள் ஓடி 22 தீர்த்தம், வெளியே வந்து ரெண்டு இட்லி, சாயங்காலம் வீடு. இடுப்பளவுக்கு மேல் கடலோடு நமக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் இப்போது கல்யாண வீடு, காது குத்து, எங்கே போனாலும் யாராவது ஒருவர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "லட்சத்தீவு போகணும்ணே... எப்படிப் போறது?" என்று கேட்கிறார். 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போய்க் கடலில் முங்கி எழுந்த படங்கள் வந்தன இல்லையா, அதன் விளைவு. நான் அதற்கு 5 வருடம் முன்பே, 2019 பிப்ரவரியில் கப்பலில் போய் வந்தவன். மச்சான் குடும்பம், என் குடும்பம், மொத்தம் 7 பேர். அந்த ஒரே தகுதியில் ஊருக்கு இலவச ஆலோசகர் ஆகிவிட்டேன்.

கேட்கிறவர்களின் கேள்வி பெரும்பாலும் மூன்றுதான். எவ்வளவு செலவாகும்? பார்க்க என்ன இருக்கு? மூன்றாவதைக் குரலைத் தாழ்த்தி, வீட்டம்மா பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கேட்பார்கள். "அங்க தண்ணி கிடைக்குமாண்ணே?"

ரெண்டு தண்ணியும் கஷ்டம்தான் என்பேன். மக்கள் வசிக்கிற தீவுகளில் மதுவிலக்கு. பையில் ஒளித்து எடுத்துப்போகிற எண்ணம் இருந்தால் கொச்சியிலேயே விட்டுவிடுங்கள். இன்னொரு தண்ணீரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. வருகிறேன்.

முதலில் இந்தப் பயணத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நாம் வழக்கமாகப் போகிற டூர் போல ஊருக்கு ஊர் லாட்ஜ் போடுவதில்லை. லாட்ஜே கூட வருகிறது. லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலாச் சங்கம் 'சமுத்திரம்' என்ற பெயரில் பல வருடம் நடத்திவந்த 5 நாள் பயணத்தில்தான் நாங்கள் போனோம். கொச்சி வெலிங்டன் தீவில் கப்பல் ஏறினால் ராத்திரியெல்லாம் கப்பல் ஓடும். பொழுது விடிந்தால் கண்ணெதிரே ஒரு தீவு. காலையில் இறக்கிவிடுவார்கள், மத்தியானச் சாப்பாடு தீவில், மாலையில் திரும்ப ஏற்றிக்கொள்வார்கள். தூங்கி எழுந்தால் இன்னொரு தீவு. கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று. 2021-க்குப் பிறகு தனியார் சொகுசுக் கப்பல்களும் அந்தப் பக்கம் போய்வருகின்றன. எதில் போனாலும் ஒரு தீவில் உங்களுக்குக் கையில் கிடைப்பது சுமார் 6 மணி நேரம்.

அந்த 6 மணி நேரத்தை என்ன செய்வது என்பதுதான் இந்த வாரம். இதைப் பற்றிப் பேச நம் ஊர்க்காரர்களைவிடத் தகுதியானவர்கள் இருக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

மதுரை ஒரு நாள் விருந்தாளிகளைப் பார்த்தே வளர்ந்த ஊர். ராமேஸ்வரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே ஒரு பகல் இங்கே என்று வடநாட்டு பஸ்கள் வருகின்றன. கார்த்திகை பிறந்தால் சபரிமலை வண்டிகள். வந்து இறங்குகிற முகத்தைப் பார்த்தே இவர் எத்தனை மணி வரை இருப்பார் என்று நம் பூக்காரம்மா சொல்லிவிடுவார். பகல் பன்னிரண்டரை வாக்கில் மீனாட்சி கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்று தெரியாமல் பன்னிரண்டே முக்காலுக்கு மூச்சிரைக்க வந்து நிற்பவர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம். அவர்களை 'மாடியில இருந்து கோபுரம் ஃப்ரீயா பாக்கலாம் சார்' என்று கூட்டிக்கொண்டு போய், இறங்கி வரும் வழியில் சால்வைக் கடைக்குள் உட்கார வைப்பவர்களையும் பார்த்திருக்கிறோம். சித்திரை வீதியில் ஒருவர் வாழைப்பழத் தோலை வீசிவிட்டு பஸ் ஏறினால் நமக்கு வருகிற எரிச்சல் இருக்கிறதே. அதே வீதியில் இன்னொருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "இந்த ஊர்ல மழை எப்பங்க பெய்யும்?" என்று சும்மா கேட்டால், கடைக்காரர் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுப் பதில் சொல்வார்.

ஒரு நாளைக்கு வருகிறவன் எப்படி நடந்துகொண்டால் உள்ளூர்க்காரனுக்குப் பிடிக்கும் என்பது நமக்குப் பழக்கத்திலேயே தெரியும். கப்பலை விட்டு இறங்கும்போது அந்த ஞாபகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். மறந்துபோகிறது, அதுதான் சிக்கல்.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அளவு சொல்ல வேண்டும். பி.காம். படித்தவன். எண் இல்லாமல் எனக்குப் பேச்சு வராது. லட்சத்தீவில் மொத்தம் 36 தீவு, அதில் 10-ல்தான் நிரந்தரமாக மக்கள் இருக்கிறார்கள். எல்லாத் தீவையும் கூட்டினால் 32 சதுர கிலோமீட்டர். நம் மாநகராட்சி எல்லை மட்டுமே சுமார் 148. அதாவது மதுரைக்குள் நாலரை லட்சத்தீவு அடங்கும். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 64,473. திருமங்கலத்தைவிடச் சற்றுப் பெரிசு, அவ்வளவுதான். கடல் மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரம். ஆறு கிடையாது, ஓடை கிடையாது, மலை கிடையாது. யானைமலையிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் போட்டால் அங்கே அதுதான் இமயமலை.

இறங்குவதிலிருந்து ஆரம்பிக்கலாம். பெரிய கப்பல் பெரும்பாலும் தீவுக்குப் பக்கத்தில் போகாது. பவளத் திட்டுக்கு வெளியே ஆழ்கடலில் நிற்கும். சின்னப் படகு வந்து கப்பலின் விலாவில் ஒட்டிக்கொள்ளும். கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து அந்தப் படகுக்குள் நீங்கள் கால் வைக்க வேண்டும். கப்பல் சும்மா இருக்கும், படகு ஏறி இறங்கும். மாட்டுத்தாவணியில் ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறிய அனுபவம் கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் இங்கே பஸ் மேலும் கீழும் ஓடுகிறது. படகுக்காரர் உங்கள் முழங்கைக்கு மேலே பிடிப்பார். "இப்போ" என்பார். அந்த இப்போவில் காலை வைத்துவிட வேண்டும். யோசிக்கிறவர்களுக்குத்தான் ஆபத்து. ரெண்டு கையும் காலியாக இருக்கட்டும், பையை முதுகில் மாட்டுங்கள். பெண்கள் அன்றைக்கு மட்டும் புடவையை விட்டுச் சுடிதாருக்கு வந்துவிடுவது நல்லது. முட்டி வலிக்கிற பெரியவர்கள் இருந்தால் டிக்கெட் போடும் முன்பே யோசியுங்கள். என் மாமியார் முதல் நாள் இறங்கினார். மறுநாள், "நான் கப்பல்லயே இருக்கேன், நீங்க போயி பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். கடலைப் பார்த்தபடி சுந்தர காண்டம் படித்து முடித்தார்.

திட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் ஆட்டம் சட்டென்று நின்றுவிடும். தண்ணீர் பச்சையும் நீலமுமாக மாறும். லகூன் என்கிறார்கள். நம் பாஷையில் தெப்பக்குளம். மாரியம்மன் தெப்பக்குளத்துக்குக் கற்சுவர் மாதிரி இதற்குப் பவளத் திட்டு. அலையெல்லாம் அந்தச் சுவரில் முட்டி வெளியிலேயே உடைந்துவிடும். உள்ளே குழந்தைகூட நிற்கலாம்.

இப்போது அந்தத் தண்ணீர் விஷயம்.

தீவில் பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. மோருக்கு மேலே வெண்ணெய் மிதக்குமே, அந்த மாதிரி. கிணற்றில் இறைப்பதெல்லாம் அந்த மெல்லிய வெண்ணெய்தான். அவசரப்பட்டு மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்பு மேலே வந்துவிடும். அப்புறம் அந்தக் கிணற்றில் நல்ல தண்ணீரைத் திரும்பப் பார்க்க எத்தனையோ மழை வேண்டும்.

இதற்கு மாற்று வழி கண்டுபிடித்துக் கொடுத்தது, சொன்னால் நமக்குப் பெருமை, சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம். 2005-ல் கவரத்தியில் ஒரு கடல்நீர் ஆலை வைத்தார்கள். மேல்மட்டத்துக் கடல் நீர் வெதுவெதுப்பாக இருக்கும். அதைக் காற்றழுத்தம் குறைந்த தொட்டிக்குள் விட்டால் கொதிக்க வைக்காமலேயே ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து ஜில்லென்று குழாயில் மேலே வருகிற கடல் நீரைக் கொண்டு அந்த ஆவியைக் குளிர வைத்தால் நல்ல தண்ணீர். அடுப்பும் வேண்டாம், சவ்வும் வேண்டாம். இந்த முறையில் அமைந்த உலகின் முதல் ஆலை அதுதான். பிறகு 2011-ல் மினிக்காய்க்கும் அகத்திக்கும் வந்தது.

கவரத்தி ஆலையின் திறன் நாளுக்கு 1 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிசாக இருக்கிறது. 2011-ல் அந்தத் தீவின் மக்கள்தொகை 11,221. வகுத்துப் பாருங்கள். தலைக்கு 9 லிட்டருக்கும் குறைவு. குடிக்கவும் உலை வைக்கவும் அது. மற்றதற்கெல்லாம் அந்த மிதக்கிற வெண்ணெய்.

எங்கள் கப்பலிலிருந்து அன்றைக்கு இறங்கியவர்கள் நூறு பேருக்கு மேல். கடலில் ஆடிவிட்டு வந்தால் உடம்பெல்லாம் உப்பு, கசகசவென்று இருக்கும். கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று குளியலறை கட்டி வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு குளியல், மறுபடி கடல், கிளம்பும் முன் இன்னொரு குளியல். ஷவரைத் திறந்துவிட்டு உள்ளேயிருந்து பாட்டு வேறு. தலைக்கு 40 லிட்டர் என்று வைத்தாலும் ரெண்டு குளியலுக்கு 80. ஏறக்குறைய தீவுக்காரர் 9 பேருடைய ஒரு நாள் ஆலைத் தண்ணீர். நாலு நாளைக்கு ஒரு முறை குழாயில் வரும் தண்ணீருக்குக் குடத்தை வரிசை போட்டு வளர்ந்த மதுரைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வைகையில் அழகர் இறங்கவே அணையில் தண்ணீர் திறந்துவிட வேண்டிய ஊர். ஆகவே ஒரே ஒரு வாளி, ஒரு மக். சோப்பை கப்பலுக்கு ஒத்திப்போடுங்கள். ரெண்டாவது குளியல் வேண்டவே வேண்டாம், உப்போடு கப்பலேறுங்கள். ராமேஸ்வரத்தில் ஈரத்துணியோடு 22 தீர்த்தம் ஓடினவர்தானே நீங்கள்.

சாப்பாட்டுக்கும் இதே கணக்கு. அங்கே விளைவது தேங்காய், கிடைப்பது மீன், முக்கியமாகச் சூரை. அரிசி, பருப்பு, கத்திரிக்காய், வெங்காயம் எல்லாமே கரையிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கிற மாதங்களில் அந்தக் கப்பலும் தாமதமாகும். எங்களோடு வந்த ஒருவர் பந்தியில் உட்கார்ந்து, "என்னப்பா இது, சாம்பார்ல காயே இல்ல?" என்று கேட்டார். பரிமாறிய பையன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அசைவம் சாப்பிடுகிறவர்கள் பேசாமல் மீனுக்கு வந்துவிடுங்கள். சைவர்கள் பருப்புப்பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போனால் யாருக்கும் சங்கடமில்லை. ஆனால் அந்தப் பொடி போட்டு வந்த பிளாஸ்டிக் கவரைத் திரும்ப எடுத்து வர வேண்டும். குப்பையைக் கொட்டிவைக்க அவனியாபுரம் பக்கம் மாதிரி ஊருக்கு வெளியே ஓர் இடம் அங்கே கிடையாது. ஊருக்கு வெளியே கடல்தான்.

கல்பேனியில் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். மச்சான் பையனுக்கு அப்போது 12 வயது. கரையில் மான்கொம்பு மாதிரி வெள்ளையாக ஒரு பவளத் துண்டு. எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஸ்கூலில் காட்ட வேண்டுமாம். எங்கள் படகில் வந்த தீவுப் பையன், இருபது வயதுக்குள்தான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டான். அதட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பாதி மலையாளம் பாதி சினிமாத் தமிழில், "மோனே, அது இந்தத் தீவோட மதில். எல்லாரும் ஒரு கல்லு எடுத்தா எங்க வீடு எங்கே?" என்றான்.

பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம். 2001 முதல் பவளப் பாறைகளுக்கு வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு இருக்கிற அதே அட்டவணைப் பாதுகாப்பு. கொச்சியில் பையைச் சோதித்தால் மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் பையன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்பேனியின் கிழக்குக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். கருத்துப்போன பவளக் கற்கள் அணை கட்டியது மாதிரிக் குவிந்து கிடக்கின்றன. 1847-ல் அடித்த புயல் கடலுக்குள்ளிருந்து வாரி எறிந்தது என்கிறார்கள். திட்டு இருக்கும்போதே கடல் அப்படிச் செய்திருக்கிறது. திட்டு போய்விட்டால்?

அது போய்க்கொண்டுதான் இருக்கிறது. கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும்போது பவளம் வெளுத்துவிடும், சூடு நீடித்தால் செத்துவிடும். 1998, 2010, 2016 என்று மூன்று முறை பெரிய அளவில் அங்கே வெளுத்திருக்கிறது. நாங்கள் போனபோது கண்ணாடி அடிப்படகில் பார்த்ததில் பாதிக்கு மேல் சாம்பல் நிறம். மீன்களின் நிறத்தைப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள். படகுக்காரர் மட்டும், "முன்னே இதைவிட நல்லா இருக்கும்" என்றார். 2024-ல் மறுபடி வெளுத்தது. உலகம் சூடாவதை நீங்களும் நானும் ஒரு பகலில் நிறுத்த முடியாது. பவளத்தின் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்காமல் இருக்க முடியும். முழுக்கை பனியன் போட்டுக்கொண்டு, சன்ஸ்கிரீனைக் குறைக்கவும் முடியும். சில கிரீம்களில் உள்ள ரசாயனம் பவளத்துக்கு ஆகாது என்று பசிபிக் கடலில் இருக்கிற பலாவ் நாடு 2020-லேயே தடை போட்டுவிட்டது. அந்த நாட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. 2017 முதல், வருகிறவர்களின் பாஸ்போர்ட்டில் ஓர் உறுதிமொழியை முத்திரை குத்தி அதன் கீழே கையெழுத்து வாங்குகிறார்கள். அது அரசாங்கத்துக்குக் கொடுக்கிற உறுதிமொழி இல்லை. அந்த ஊர்க் குழந்தைகளுக்குக் கொடுப்பது.

மச்சான் பையன் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான். இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

அடுத்து மினிக்காய். மற்றத் தீவுகளில் பேசுவது மலையாளத்தின் ஒரு வகை, ஜெசரி. காது கொடுத்துக் கேட்டால் நமக்கே பாதி புரியும், பழைய தமிழ் வாசனை அடிக்கும். மினிக்காயில் மட்டும் மஹல், மாலத்தீவுக்காரர்களின் திவேஹி. ஒரு வார்த்தை புரியாது. 1885-ல் வெள்ளைக்காரர்கள் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கிய கூட்டம் நேரே அங்கேதான் ஓடும். ஏறுங்கள், மேலேயிருந்து பார்த்தால் தென்னந்தோப்பும் லகூனும் பிறைநிலா மாதிரி வளைந்து தெரியும். ஆனால் அதிலேயே பாதிப் பொழுதைத் தொலைக்காதீர்கள்.

ஊருக்குள் நடங்கள். 11 கிராமமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூப்பன் என்று ஒரு தலைவர் வைத்து நடத்துகிற ஊர். தெரு அவ்வளவு சுத்தம். நடக்கும்போது சட்டை உடம்பில் இருக்கட்டும். கடலில் குளித்த கோலத்திலேயே டவுசரோடு பள்ளிவாசல் வழியாக நடந்துபோன நம்மவர்கள் ரெண்டு பேரைப் பார்த்தேன். திருப்பரங்குன்றம் சன்னதித் தெருவில் அப்படி ஒருவர் வந்தால் நாம் என்ன சொல்வோம்? பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அங்கே பெண்கள் ஒதுங்கி நிற்கிறவர்கள் என்று நினைத்துவிடவும் வேண்டாம். தீவுகளில் தாய்வழி மரபு பழசு, வீடு பெரும்பாலும் அம்மா வழியில் வரும். ஆண்கள் கப்பலில் உலகம் சுற்றப் போய்விட, மினிக்காயில் ஊரைக் கட்டி ஆண்டது பெண்கள்தான். திண்ணையில் இருந்த அம்மா ஒருவரிடம் என் வீட்டம்மா ஜாடையில் அனுமதி கேட்டார். அவர் தலையசைத்துவிட்டு, உள்ளே போய் வேறு முக்காடு மாற்றிக்கொண்டு வந்து நின்றார். மறுத்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது.

படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்பதற்கு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அவரே ஆரம்பித்தார். ஆங்கிலம், இந்தி, நடுநடுவே தமிழ். 30 வருடம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர்.

"நீங்க எந்த ஊரு?"

"மதுரைங்க பாய்."

"மதுரா! ஞான் வந்திருக்கேன். ஒரு நாள்."

எண்பதுகளில் தூத்துக்குடியில் கப்பல் சரக்கு ஏற்ற நின்றபோது, கூட வேலை பார்த்த ஒருவரோடு பஸ் பிடித்து மதுரை வந்திருக்கிறார். கோபுரம் பார்க்க. வந்து சேர்ந்தது மத்தியானம் ஒரு மணி. நடை சாத்தியாகிவிட்டது. நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், நாலு மணிக்கு இவர்கள் திரும்ப பஸ்ஸில் இருக்க வேண்டும். வெயில் வேறு. ஒரு பூக்கார அம்மா, தன் கடை நிழலில் ஒரு சாக்கை விரித்து உட்காரச் சொல்லியிருக்கிறார். மூன்று மணி நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறார்கள். அந்த அம்மா பூக் கட்டுவதையே பார்த்துக்கொண்டு. கிளம்பும்போது ரெண்டு முழம் மல்லிகை வாங்கினாராம், சம்சாரத்துக்கு.

"ஊருக்கு எப்போ போனீங்க?"

"ஏழு மாசம் கழிஞ்சு."

சிரித்தார். கப்பல் சமையல்காரரிடம் சொல்லிக் குளிர் அறையில் வைத்திருந்தாராம். கொழும்பு தாண்டும்வரை வாசனை இருந்ததாம். கோபுரம் எத்தனை என்று கேட்டேன், ஞாபகமில்லை என்றார். பூக் கட்டுகிற விரல் எப்படிப் போகும் என்று வலை நூலை வைத்துச் செய்து காட்டினார். சரியாகவே செய்தார்.

இனி காசு. நான் கணக்குப் படித்ததால் பயணம் முடிந்ததும் ஐந்தொகை போட்டுப் பார்த்தேன். நாம் கட்டிய தொகையில் பெரும்பகுதி கப்பலுக்கு, எண்ணெய்க்கு, நிர்வாகத்துக்கு. தீவில் நேரடியாக இறங்குவது நாம் கரையில் செலவழிப்பது மட்டும்தான். நாங்கள் ஏழு பேர் முதல் ரெண்டு தீவில் செலவழித்தது முதல் நாள் இளநீருக்கு மட்டும். காரணம், சாப்பாடு டீ எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம். தண்ணீர், குப்பை, கூட்டம் எல்லாம் அவர்கள் கணக்கில் பற்று. வரவு, இளநீர். இந்தக் கணக்கு இடிப்பது உலகம் முழுக்க நடக்கிறதுதான். கப்பலில் தின்று கப்பலில் தூங்கி, ஊரை மட்டும் மிதித்துவிட்டுப் போகிறார்கள் என்று வெனிஸ் நகரம் 2021-ல் பெரிய கப்பல்களை நகர் நடுவே வரவிடாமல் செய்தது. 2024-ல் ஒரு நாள் விருந்தாளிகளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணமும் போட்டது. நேர்மாறாக, வனுவாட்டு நாட்டில் மிஸ்டரி தீவு என்று ஒன்று உண்டு. ஆளே குடியிராத தீவு. கப்பல் வருகிற அன்றைக்கு மட்டும் பக்கத்துத் தீவிலிருந்து ஜனங்கள் படகில் வந்து கடை போடுவார்கள், கப்பல் போனதும் திரும்பிவிடுவார்கள். நம் சித்திரைத் திருவிழாக் கடை மாதிரி. அது எனக்கு நியாயமாகப் படுகிறது.

மினிக்காயில் கணக்கை நேர் செய்துவிட முடிவெடுத்தேன். அங்கே வாங்க ஒரு பொருள் இருக்கிறது. மாசி. வலை போடாமல் தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடித்த சூரையை வேகவைத்து, புகை போட்டு, கட்டையாகக் காயவைப்பது. இலங்கைக்காரர்கள் சம்பலில் இடித்துப் போடும் அதே மாசி. கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கம் சொல்லவே வேண்டாம். தேங்காயும் வெல்லமும் சேர்த்த மிட்டாய், கயிற்றுச் சாமான்களும் கிடைக்கும். ரொக்கமாகக் கொண்டுபோங்கள், சிக்னலை நம்பிப் போனில் காசு அனுப்பலாம் என்று இருக்காதீர்கள். பேரம் கொஞ்சம் பேசலாம். மாசி ஒரு கிலோவுக்கு மதுரை விளக்குத்தூண் பாணியில் பேசினால் அந்த அம்மா பொட்டலத்தைத் திரும்ப எடுத்து வைத்துவிடுவார், மச்சானுக்கு வைத்தார்.

கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டு, அரை மணி முன்னால் துறைக்கு வந்துவிடுங்கள். கப்பலுக்குத் திரும்பும்போது அலை காலையைவிடக் கூடுதலாக இருக்கும். குமட்டல் மாத்திரையைப் படகு ஏறும் முன்பே போட வேண்டும், ஆட ஆரம்பித்த பிறகு பிரயோஜனமில்லை.

அனுமதிச் சீட்டு இல்லாமல் கொச்சித் துறைமுகத்தில் யாரும் உங்களைக் கப்பலேற விடமாட்டார்கள். அடையாள அட்டை, போட்டோ, விண்ணப்பம் எல்லாம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். இப்போது கேட்பவர்கள் அதிகம் என்பதால் அந்த வருடத்துப் பயணத் தேதிகளை லட்சத்தீவு நிர்வாகத்திடம் விசாரித்து உறுதி செய்த பிறகு லீவு போடுங்கள். அக்டோபர் முதல் மே முதல் பாதி வரைதான் காலம். எர்ணாகுளம் வரைக்கும் குருவாயூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது.

வாங்கிய மாசியை மூன்று சுற்று பேப்பர், மேலே ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்கு மேல் துணி என்று கட்டிக் கொண்டுவந்தேன். திரும்பும்போது அதே குருவாயூர் எக்ஸ்பிரஸில் பெட்டி முழுக்க வாசனை. வீட்டம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எனக்கும் அந்த மூட்டைக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தார். திருவனந்தபுரத்தில் ஏறிய ஓர் அம்மா, நாகர்கோவில்காரர், ரெண்டு முறை மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். சண்டைக்கு வரப்போகிறார் என்று நினைத்தோம்.

"மாசிதானே மக்கா? எங்க வாங்கின? ஒரு கால் கிலோ தருவியா?"

கொடுத்தேன். வாங்கிய விலைக்கே.